"முகத்துவாரம் திறந்திருக்கா?" - பழவேற்காட்டின் மீன் கணக்கு

பழவேற்காட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். மீன் பிடிக்கிறவர்கள் முதலில் கேட்பது வேறு. "முகத்துவாரம் திறந்திருக்கா?"

அந்த ஒரு கேள்விக்கான பதிலில் எல்லாம் அடங்கியிருக்கிறது. இன்றைக்குப் படகு கடலுக்குப் போகுமா, இன்னும் மூன்று மாதம் கழித்து இறால் கிடைக்குமா, மகளின் பள்ளிக் கட்டணத்தை எந்த மாதம் கட்ட முடியும் என்பது வரை.

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்தால் வயல், செங்கல் சூளை, இறால் பண்ணை என்று காட்சி மாறி மாறி வந்து, கடைசியில் காற்றில் உப்பு வாசனை தட்டும். ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வந்தவர்கள் முதலில் பார்ப்பது கடலை அல்ல, ஏரியை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்க, தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டுக்கு. ஆனால் ஏரிக்கு உயிர் கொடுக்கும் முகத்துவாரம் இந்தத் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு, ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஒரு நீளமான மண் சுவர் மாதிரி படுத்திருக்கிறது.

இவ்வளவு பெரிய ஏரி ஆழமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர். சில இடங்களில் முழங்கால். படகை மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு போகிற காட்சியை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். முகத்துவாரத்தை நெருங்க நெருங்கத்தான் ஆழம் கூடும்.

இந்த ஆழமின்மைதான் மீனுக்கு வரம். வெயில் அடிமட்டம் வரை இறங்கும். பாசியும் சிற்றுயிர்களும் செழிக்கும். பெரிய மீன்களுக்குப் பயந்த குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடையாது.

கடலில் பிறந்து ஏரியில் வளர்வது

பழவேற்காட்டின் பெயரைச் சென்னை மீன் சந்தைகளில் நிலைநிறுத்தியது இறால். அதிலும் வெள்ளை இறால்.

இதன் வாழ்க்கை கொஞ்சம் விசித்திரமானது. தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு ஒரு சில வாரங்கள் கடலில் மிதந்து, சில மில்லிமீட்டர் நீளம் ஆனதும், நீர் ஏறும் நேரம் பார்த்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகிறது. பிறகு சில மாதங்கள் ஏரியில் தின்று வளர்கிறது. ஆளானதும் மறுபடி கடலுக்குத் திரும்புகிறது, முட்டையிட. அதாவது ஒரே வாசலை அது வாழ்நாளில் இரண்டு முறை கடக்க வேண்டும்.

வாசல் மூடிக்கிடந்தால் குஞ்சு வெளியே நின்றுவிடும். மூன்று நான்கு மாதம் கழித்து வலையில் இறால் இல்லையே என்று யாராவது புலம்பினால், காரணம் இன்றைய தண்ணீரில் இல்லை. அன்றைக்கு மூடிக்கிடந்த வாசலில் இருக்கிறது.

மடவையும் அப்படித்தான். கூட்டமாகத் திரியும், திடீரென்று தண்ணீருக்கு வெளியே துள்ளும் அந்தச் சாம்பல் வெள்ளி மீன், சேற்றில் இருக்கும் பாசியையும் மக்கிய பொருளையும் உறிஞ்சித் தின்கிறது. அதனாலேயே கோழிக்கு இருப்பதுபோலத் தடித்த இரைப்பை அதற்கு உண்டு. வளர்வது ஏரியில், முட்டையிடப் போவது கடலுக்கு.

கொடுவாயின் கதை இன்னும் சுவாரஸ்யம். இந்த மீன் பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே சந்தையில் கிடக்கும் ஆளுயரக் கொடுவா அநேகமாகப் பெண். பெரிய மீனைப் பிடிப்பது பெருமைதான். ஆனால் லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடிய தாயைத்தான் தூக்கியிருக்கிறோம் என்பது பலருக்கும் தெரியாது.

சேற்று நண்டு, மணல் தரையை ஒட்டித் திரியும் கிழங்கான், ஓரா, கெளுத்தி, பால் கெண்டை என்று இன்னும் நிறைய உண்டு. எல்லாவற்றையும் அடுக்க இடம் போதாது. ஆனால் நண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சினை முற்றிய பெண் நண்டும் குஞ்சு பொரிக்கக் கடலைத் தேடித்தான் போகிறது. அதற்கும் அதே வாசல்தான்.

ஏரித் தண்ணீரின் உப்பும் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும், ஆந்திரப் பக்கம் காலங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டும். அப்போது ஏரி ஏறக்குறைய நல்ல தண்ணீர் ஆகிவிடும். வளர்ந்த இறால்கள் அந்த வெள்ளத்தோடு கடலை நோக்கி நகரும். வலைக்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான். சித்திரை, வைகாசியில் கதை தலைகீழ். ஆற்றில் தண்ணீர் கிடையாது. வெயில் ஏரியை உறிஞ்சும். முகத்துவாரமும் குறுகிவிட்டால், ஏரித் தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கரிக்கும். வடக்கே பல இடங்களில் ஏரி வற்றி, வெள்ளை உப்புத் தரையாகப் பளபளக்கும்.

வாசலை மூடுவது யார்?

மணல்தான். அலை ஓயாமல் மணலைக் கொண்டு வந்து வாசலில் போடுகிறது. ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதைத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தின் கை ஓங்கும். வாசல் அகலத் திறக்கும். மழை ஓய்ந்தபின் அலையின் கை ஓங்கும். வாசல் சுருங்கும், சில ஆண்டுகளில் முழுக்க அடைபடும்.

அடைபட்டால் இறால் குஞ்சுக்கு மட்டும் பிரச்னை இல்லை. ஏரிக்குள் படகை நிறுத்தியிருக்கிறவர்கள் கடலுக்குப் போக வழி இருக்காது. தரை தட்டும் இடத்தில் படகைக் கயிறு கட்டி மணலில் இழுத்தாக வேண்டும். இன்ஜினின் விசிறி மணலில் உரசி உடையும். குறுகலான வாயில் அலை உடைந்து எழும்போது படகு புரண்டு விடுகிற ஆபத்தும் உண்டு. ஊரார் பணம் போட்டு இயந்திரம் வைத்து மணலை வாரி வழி வெட்டியிருக்கிறார்கள். சில வாரத்தில் அலை திரும்ப மூடிவிடும்.

இதற்கு நிரந்தரத் தீர்வாக, வாசலின் இரு பக்கமும் பாறைக் கற்களால் சுவர் எழுப்பி முகத்துவாரத்தை நிலைப்படுத்த 26.85 கோடி ரூபாயில் தமிழக அரசு திட்டம் போட்டது. இது ஊரார் பல்லாண்டு காலம் கேட்டு வந்தது.

ஆனால் இந்தக் கரையில் கல் சுவர் என்றாலே கூடவே ஒரு கணக்கும் பார்க்க வேண்டும். சென்னைக் கடற்கரையை ஒட்டி மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எங்கே சுவர் எழும்புகிறதோ, அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்னத் தொடங்கியதும் இதனால்தான். பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொன்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மீனவக் கிராமங்கள் கடுமையாக எதிர்த்தன. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

துறைமுகம் வந்தால் வேலை வரும் என்பது ஒரு பக்கம். மணல் எங்கே போகும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய மண் மேடு தாங்குமா என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்வதுதான் முறை. ஏனென்றால், போன கரையை வேலைவாய்ப்பு முகாம் வைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

யாருக்கு எந்தத் தண்ணீர்?

வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் அதிகம் படும் இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். அங்கே நினைத்தவர் நினைத்த நேரத்தில் வலை கட்ட முடியாது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பாடு பார்க்கின்றன. இன்று ஒரு குழு என்றால் நாளை அடுத்த குழு. குழுவுக்குள் யாருக்கு எந்த இடம் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. மணமான ஆண் ஒரு 'தலைக்கட்டு'. அந்தக் கணக்கில்தான் பங்கு. ஒருவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. கழிகளை ஊன்றி அதில் கட்டும் வலைதான் பாட்டு நீரில் பிரதானம். இரவில், நீர் வற்றும் நேரத்தில், கடலை நோக்கிப் போகும் இறால் அதில் வந்து விழும்.

மீன்வளத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று ஆராயும் அறிஞர்கள் உலகம் முழுக்கக் கட்டுரை எழுதும் அளவுக்கு இந்த ஏற்பாடு பேர் பெற்றது. புகழத்தக்கதுதான். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு நீதியாக இருக்கும் ஒன்று, வெளியே இருப்பவர்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று இல்லை. பாட்டில் பங்கு இல்லாத ஊர்களும் சமூகங்களும் ஏரியைச் சுற்றி ஏராளம். அவர்களுக்கு மிஞ்சுவது ஆழமில்லாத, வருமானம் குறைந்த இடங்கள். இதனால் சச்சரவுகள் நடந்திருக்கின்றன. எல்லை தாண்டியதாகச் சொல்லித் தமிழ்நாட்டு, ஆந்திர மீனவர்களுக்குள் மோதலும் அவ்வப்போது வெடித்திருக்கிறது.

வலையே இல்லாமல் மீன் பிடிக்கிறவர்களும் இங்கே உண்டு. இருளர் சமூகத்துப் பெண்கள். கழுத்தளவு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பனை ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பிடித்த இறால் அதில் போகும். மணிக்கணக்கில் இப்படியே. முள் கிழித்த விரல்களில் உப்புத் தண்ணீர் படும் எரிச்சல் எப்படி இருக்கும் என்று சமையலறையில் வெட்டுக்காயத்தோடு ஊறுகாய் போட்டவர்களுக்குத் தெரியும். சந்தையில் கொத்துக் கொத்தாகக் குவிந்திருக்கும் சின்ன இறாலில் அந்தக் கைகளின் பங்கும் இருக்கிறது.

கடல் பக்கம்

ஏரி ஒரு கணக்கு என்றால் கடல் இன்னொரு கணக்கு. ஃபைபர் படகில் வெளிப்பலகை இன்ஜின் மாட்டி, இருட்டோடு இருட்டாக முகத்துவாரத்தைத் தாண்டுகிறார்கள். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, சங்கரா, வாளை, வவ்வால், அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். எங்கே கூட்டம் இருக்கிறது என்று காட்டக் கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுப் பாய்ந்தால், படகுகள் இன்றும் அந்தத் திசையில் திரும்புகின்றன.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. சிறிய நாட்டுப் படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் இந்தத் தடை இல்லை. அதனால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதங்களில், சென்னை வீடுகளின் குழம்புச் சட்டிக்கு இப்படிப்பட்ட சிறு கிராமங்கள்தான் கை கொடுக்கின்றன. பிடிப்பு குறைவாக இருந்தாலும் கரையில் நல்ல விலை கிடைக்கும். முகத்துவாரம் அந்த நேரம் பார்த்து மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே இன்னொரு விசித்திரமான விடுமுறையும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். நாடே தொலைக்காட்சியில் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, பழவேற்காட்டில் படகுகள் கரையில் நிற்கும். ராக்கெட் ஏறுவதை ஊரில் நின்றே பார்க்கலாம் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

தூண்டிலோடு வருகிறவர்களுக்கு

வார இறுதியில் நவீன தூண்டில் கம்பும் ரீலும் தோளில் மாட்டிக்கொண்டு நகரத்திலிருந்து இளைஞர்கள் கிளம்புவது இப்போது அதிகரித்திருக்கிறது. அப்பாவும் பையனும் சேர்ந்து வருவதும் உண்டு. நல்ல பழக்கம்தான், கைப்பேசியை இரண்டு மணி நேரம் சட்டைப்பைக்குள் வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கரையிலிருந்து தூண்டில் போட நாள் முழுக்க உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நீர் ஏறத் தொடங்கும் நேரமும் வற்றத் தொடங்கும் நேரமும்தான் முக்கியம். நாளுக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது மீனும் அசையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வேகமாக இருக்கும். அந்த நேரம் விடியற்காலையோடோ பொழுது சாய்வதோடோ சேர்ந்து வந்தால் நல்லது.

கொடுவாவுக்கு உயிர் இறாலைவிடச் சிறந்த இரை இல்லை. பாலக்கால், கல், கழி என்று எதையாவது ஒட்டி மறைந்து நின்று, ஓட்டத்தில் வரும் குஞ்சுகளைத் தாக்குவது அதன் குணம். கிழங்கானுக்குச் சின்ன முள், மெல்லிய நரம்பு, சிறிய ஈயக் குண்டு, ஒரு துண்டு இறால் போதும். மணல் தரையில் தரையோடு இரை கிடக்க வேண்டும். மடவையைத் தூண்டிலில் பிடிக்க நினைத்தால் பொறுமை பறிபோகும். அது சேறு தின்னி. வீச்சு வலைக்குத்தான் அது சரிப்படும்.

கெளுத்தி மாட்டினால் அவசரப்பட்டுக் கையால் பிடிக்கக் கூடாது. முதுகிலும் செவுளை ஒட்டிய இரு பக்கத் துடுப்பிலும் விஷ முள் இருக்கிறது. ஓராவுக்கும் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை வைத்திருந்தால் வலி தணியும். முள் உடைந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பலூன் மாதிரி வயிறு உப்பும் பேத்தை மாட்டினால் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதைத் தின்பது உயிருக்கே ஆபத்து. சமைத்தாலும் அந்த விஷம் போகாது.

உள்ளங்கை அளவுக் கொடுவாக் குஞ்சு மாட்டினாலும் திரும்ப விடுவதுதான் அழகு. ஊர்க்காரர்கள் வலை கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூண்டில் வீசுவதும் கூடாது. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய அடுப்பு. "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், எங்கே போட்டால் மாட்டும் என்று அவர்களே கை காட்டுவார்கள்.

படகில் போய்ப் பிடிக்கலாமே என்று ஆசை வரும். இங்கே ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. இருந்தும் கரையில் யாராவது வந்து காதோடு காதாக "சவாரி போலாமா சார்?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு குடும்பத் தலைவருக்கு வேண்டும். அமைதியாகத் தெரிகிற ஏரிதான். ஆனால் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியேறும் வேகம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே குளிப்பதும் கூடாது.

கூடையும் குழம்பும்

பிடிக்க முடியாதவர்கள் வாங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காலையில் படகு வந்ததும் ஏலம் சூடு பிடிக்கும். மொத்த வியாபாரிகள் எடுத்ததுபோக, சில்லறைக்கு வருவது பெண்களின் கூடைகளில். "வாக்கா, இப்பதான் வந்துச்சு, செவுளப் பாரு" என்று மீனைத் திருப்பிக் காட்டுவார்கள். பார்க்கத்தான் வேண்டும். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்பி வந்தால் நல்ல மீன். இறாலின் தலை கறுத்திருந்தால் விட்டுவிடலாம்.

நண்டு உயிரோடு, கால் கட்டியிருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு நண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். ஓடு மாற்றிய புதிதில் நண்டு பெரிதாகத் தெரியும், உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். அடிப்பக்க ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் அமுங்கக் கூடாது. வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே முட்டையைச் சுமந்துகொண்டிருக்கும் நண்டை வாங்காமல் விட்டால், அடுத்த ஆண்டுக்கும் நண்டு இருக்கும்.

மடவையில் சேற்று வாடை வருகிறது என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு சின்ன வேலையை விட்டுவிடுகிறார்கள். வயிற்றைப் பிளந்தால் உள்சுவரில் கறுப்புச் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவினால் பாதி வாடை போய்விடும். மீதியைப் புளியும் வெந்தயமும் பார்த்துக்கொள்ளும். சினையோடு மடவை கிடைக்கும் காலத்தில், அந்தச் சினையை மட்டும் தனியே வறுத்துச் சாப்பிட வீட்டில் சண்டையே நடக்கும்.

நேரம் இருந்தால்

மீன் வாங்கிய கையோடு கிளம்பிவிடாமல் ஊருக்குள் ஒரு நடை போகலாம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் வியாபாரத்துக்கு நெடுங்காலம் இதுதான் தலைமையிடம். கோட்டை இன்று மண்மேடு. ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. துணி வாங்க வந்து திரும்பிப் போக முடியாமல் இங்கேயே மண்ணானவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் கொத்தப்பட்டிருக்கின்றன. எழுத்தின் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஊரில் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னும் பெண்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பைக்குப் பதில் ஒன்று வாங்கலாம்.

கார்த்திகை தொடங்கி மாசி வரை வந்தால் பூநாரைகளையும் பார்க்கலாம். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி தெரியும். கூழைக்கடாக்கள் படகுக்குப் பின்னாலேயே வரும், மீன் விழாதா என்று. இது பறவைகள் சரணாலயம் என்பதால் கிட்டே போய் விரட்டிப் படம் எடுப்பது கூடாது. காலடியில் முழங்கால் தண்ணீர் இருப்பதால்தான் அவை இங்கே நிற்கின்றன. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பறவைக்கு அந்த வசதி இருக்கிறது.

வெயில் ஏறுவதற்குள் கூடைகள் காலியாகிவிடும். வலை உதறுகிறவர்கள், இன்ஜினைத் துடைக்கிறவர்கள், படகு நிழலில் தூங்குகிறவர்கள் என்று கரை அடங்கும். யாராவது ஒருவர் முகத்துவாரப் பக்கம் நடந்துபோய், மணல் திட்டு நேற்றைவிட எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அவர் வந்து சொல்வதைப் பொறுத்துத்தான் நாளைக்கு எத்தனை மணிக்குப் படகை எடுப்பது என்பது முடிவாகும்.

மீன் பையில் ஐஸ் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். பொன்னேரிப் பேருந்தில் தண்ணீர் சொட்டினால் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பார். "மீனா? கால் பக்கம் வைங்க" என்று நடத்துநர் சொல்லிவிட்டு, குனிந்து பையைப் பார்த்து, "மடவையா, எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்று கேட்பார்.